சுவரைப் பார்த்த பக்கம்

சாங்கோ விடிவதற்கு முன்னால் இறந்துபோனான். நகராட்சி அலுவலகம் திறந்ததும் அவன் அண்ணி ஜெனோவேவா நேராகத் தன் பொறுப்பிலிருந்த ஸ்டோர் அறைக்குப் போனாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திருகாமல் அப்படியே நின்றாள்.

உள்ளே வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாக இருந்தது. வாங்கியதும் அவள், அடுக்கியதும் அவள். அதில் ஒரு கட்டைப் பிரிக்க அவளுக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊரில் சாவு என்றால் முதலில் தாள் வேண்டும். சவப்பெட்டிகூட அப்புறம்தான். மேலே சிலுவை, சுற்றிக் கறுப்புக் கட்டம், நடுவில் படம், எத்தனை மணிக்கு அடக்கம், கடைசி வரியில் துயரப்படுகிறவர்களின் பெயர்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, ரொட்டிக் கடைக் கதவில் ஒன்று, தேவாலயத்தில், மின்கம்பங்களில், வீட்டுக் கேட்டில். நாற்பதாம் நாளுக்குப் புதுத் தாள், ஆறாம் மாதத்துக்கு, பிறகு வருஷா வருஷம். எங்கள் டோல்னி பிரெக்கில் தெருவில் நடப்பவர்களைவிடச் சுவரில் இருப்பவர்கள் அதிகம் என்பான் வரிப்பிரிவு போயான். செங்கல் ஆலை மூடிய பிறகு இளசுகளெல்லாம் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டதால் அது பொய்யும் இல்லை.

இந்தத் தாள்கள் அத்தனையும் நகராட்சியின் நகல் இயந்திரத்தில்தான் அச்சாகி வந்தன. எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஜெனோவேவா அச்செடுத்து, மழைக்குப் பாதுகாப்பாக ஆளுக்குச் சில பிளாஸ்டிக் உறைகளும் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் மேசைமேல் ஒரு சாக்லேட்டோ ஒரு குப்பி சாராயமோ வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அதெல்லாம் இஸ்க்ரா வரும்வரை.

இஸ்க்ரா நகராட்சியின் புதுச் செயலாளர். மாவட்டத் தலைநகரிலிருந்து வசந்தத்தில் வந்தாள். கெட்டவள் இல்லை. கடன்பட்டுக் கிடந்த அலுவலகத்தை நிமிர்த்தச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடவே காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் குறைக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. அதற்கான சுற்றறிக்கை தடித்த பளபளப்புத் தாளில், வண்ணத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மூன்று பிரதிகளாக வந்து சேர்ந்தது. ஜெனோவேவா முழுதும் படித்தாள். ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தாள். மற்ற இரண்டையும் நறுக்கிப் பின்பக்கத்தைக் குறிப்புச் சீட்டாக்கினாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பழைய கோப்புகளிலிருந்து கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் சேர்த்தாள். வந்த உறைகளை ஒட்டுப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினாள். மை தீர்ந்துவிட்டது என்று இயந்திரம் கத்தினால் மைக்குடுவையைக் கழற்றி, குழந்தையை ஆட்டுவதுபோல இரண்டு பக்கமும் ஆட்டி மாட்டுவாள். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். தேய்ந்த பென்சிலைக் காட்டினால்தான் புதுப் பென்சில்.

"ஏன் ஜெனா, கழிவறைக் காகிதத்துக்கும் ரெண்டு பக்கம் உண்டுன்னு சுத்தறிக்கை வந்திருக்காமே?" என்பான் போயான்.

"உனக்கு மட்டும் விலக்கு. நீ மேசையில உக்காந்து செய்யறதே அந்த வேலைதானே."

அலுவலகமே சிரிக்கும். சிரித்துவிட்டுப் பென்சில் கட்டையை எடுத்து நீட்டும்.

ஒருநாள் இஸ்க்ரா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு பணியிடத்தைக் குறைக்கச் சொல்றாங்க. யாரைன்னு இன்னும் முடிவாகல. ஸ்டோர்ல சிக்கனம் கண்ணுக்குத் தெரிஞ்சா உங்களுக்காக நான் பேசுவேன்."

ஜெனோவேவாவுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம் பாக்கி. கணவன் வர்பான் செங்கல் ஆலையில் சூளைக்காரனாக இருந்தவன். ஆலை மூடியதிலிருந்து ஊரார் வீட்டு விறகைப் பிளந்தான். இப்போது முதுகும் போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சாவியை நம்பித்தான்.

அதனால் ரொட்டிக் கடை தனாயிலின் தாய் இறந்தபோது அவள் கையை விரித்தாள். "தனி ஆள் வேலைக்கு இங்க தாள் கிடையாது தனாயில். மாவட்டத்துல கடை இருக்கு, அங்க அடிச்சுக்கோ."

"அடக்கம் நாளைக்கு, ஜெனா அக்கா. போற பஸ் சாயங்காலம்தான்."

"நான் என்னப்பா பண்ணட்டும்? ஆபீஸ் விதி."

தனாயில் போய் அச்சடித்துக்கொண்டு மறுநாள் காலை திரும்புவதற்குள் பாதி ஊருக்குச் சேதியே எட்டவில்லை. பாதிரியாரும் நாலைந்து பேரும்தான் சவத்தின் பின்னால் போனார்கள். அன்றிலிருந்து ஜெனோவேவாவுக்கு அடி கருகிய ரொட்டிதான் கிடைத்தது. கருகலைச் சுரண்டிவிட்டுத் தின்றாள்.

இப்போது அவள் வீட்டிலேயே சாவு.

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு இஸ்க்ராவின் அறைக்குப் போனாள்.

"என் கொழுந்தன் போயிட்டான் மேடம். நாளைக்கு அடக்கம்."

இஸ்க்ரா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஐயோ. நீங்க வீட்டுக்குப் போங்க."

"தாள் வேணும்."

இஸ்க்ராவின் கை தோளிலேயே இருந்தது. ஆனால் கனம் மாறிவிட்டது. "உங்களுக்கே தெரியும். ரொட்டிக் கடைக்காரருக்கு இல்லன்னு சொன்னது யாரு? நீங்க. இன்னைக்கு உங்களுக்குன்னு ஒரு கட்டைப் பிரிச்சா நாளைக்கு அந்த ஆள் என் மேசை முன்னால வந்து நிப்பாரு. நான் என்ன பதில் சொல்றது?"

"சரிதான்."

"என் சொந்தக் காசுல வேணா வாங்கித் தரேன். ஆனா இங்க எங்க கிடைக்கும், சொல்லுங்க?"

ஊரில் தாள் விற்கும் கடை கிடையாது. பள்ளிக்கூடம் இருந்தவரை ஒன்று இருந்தது.

"ஒரு பக்கம் அடிச்ச தாள் கிடக்கே மேடம். அதோட பின்பக்கம்?"

இஸ்க்ராவுக்கு மூச்சு வந்தது. "அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கோங்க. அதுதானே நம்ம திட்டமே."

ஸ்டோரின் கீழ்த்தட்டில் பழைய தாள்கள் இருந்தன. பெரும்பாலும் கசங்கியவை, துளையிட்டவை, கிளிப்பு குத்தியவை. சாங்கோவின் முகத்தைத் துளை விழுந்த தாளில் போட அவளுக்கு மனம் வரவில்லை. மடிப்பே இல்லாமல் ஒரே ஒரு கட்டுதான் கிடந்தது. ஆகஸ்ட் மாதப் பிளம் சாராய விழாவின் விளம்பரம். மேயரின் ஆர்வத்தில் தேவைக்கு மேல் அடித்துக் குவித்தது. சாய்ந்த நிலையில் ஒரு பெரிய குப்பி, கீழே கொட்டை எழுத்தில் 'வாங்க, குடிங்க, ஆடுங்க!'

அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு குப்புறத் திருப்பி இயந்திரத்தில் வைத்தாள்.

சாங்கோ செத்தது ஈரலால். ஊருக்கே தெரியும். ஆலையில் வண்டி வண்டியாகச் செங்கல் ஏற்றியவன், ஆலை மூடிய பிறகு ஏற்றிக்கொண்டது சாராயம் ஒன்றைத்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முற்றம், ஒரே கேட், இரண்டு பாதியாக ஒரே வீடு. ஈஸ்டர் சமயத்தில் அவன் முற்றத்து நடுவில் விழுந்து கிடந்தபோது ஜெனோவேவா தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "கெர்கினா, உன் புருஷன் குடிச்சே சாகப்போறான், பாரு!" சாங்கோவின் மனைவி கெர்கினா அவனருகே உட்கார்ந்தாள். அவன் தலைக்குக் கீழே தன் தலைத் துணியைச் சுருட்டி வைத்தாள். பிறகு இரண்டு பெண்களும் சமாதானமாகிவிட்டார்கள். ஒரே முற்றத்தில் எத்தனை நாள் முறைத்துக்கொண்டிருக்க முடியும்?

அச்சாகி வந்த தாள்கள் சுத்தமாக இருந்தன. சாங்கோ கல்யாணத்து டை கட்டி, வாயை மூடிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தான். பிளாஸ்டிக் உறையை அவள் கேட்கவில்லை. அதையும் கோடையிலேயே நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த உறைகளை அவளே கட்டி மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

வர்பான் அடுப்பில் மாவுப் பசை கிண்டிக்கொண்டிருந்தான். முதல் தாளை எடுத்ததும் திருப்பிப் பார்த்தான்.

"என்னடி இது, பின்னாடி ஏதோ இருக்கு?"

"பழைய தாள். நல்ல தாள்தான்."

"சாராயக் குப்பி போட்டிருக்கு, ஜெனா."

"ஒட்டினா அந்தப் பக்கம் சுவருக்குத்தான் தெரியும்."

"ஒரு கட்டுப் புதுசா எடுத்திருந்தா யாரு எண்ணப்போறாங்க?"

"நான் எண்ணுவேன்" என்றாள் அவள்.

வர்பான் கொஞ்ச நேரம் பசையைக் கிண்டினான். பிறகு வாளியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு, முதுகை ஒரு கையால் பிடித்தபடி கிளம்பினான். தம்பியின் முகத்தை ஒவ்வொரு கம்பமாக அவனே ஒட்டினான். பசை காய்ந்ததும் தாள் வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. கெர்கினா கேட்டருகே நின்று பார்த்து, ஜெனோவேவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல படமா போட்டிருக்கேக்கா. இந்த டை கட்டின அன்னைக்கு அவரு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல."

இரவில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து இலையுதிர்கால மழைக்கு அவசரமே கிடையாது. சாய்ந்து சாய்ந்து சுவரையே தேடி அடிக்கும். காலையில் அடக்க நேரத்துக்குத் தூறலாகக் குறைந்தது.

சவவண்டி முன்னால், பாதிரியார் அடுத்து, கெர்கினா பின்னால். கூட்டம் நிறையவே வந்திருந்தது. சாங்கோவோடு குடித்தவர்கள் மட்டுமே ஒரு ஊர்வலம். பேருந்து நிறுத்தத்தருகே வண்டி திரும்பியபோது முன்வரிசை நின்றது.

தாள் நனைந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது. சுவரைப் பார்த்த பக்கம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. சாங்கோவின் மூடிய வாயில் குப்பியின் கழுத்து சரியாகப் பொருந்தி நின்றது. அவன் டைமேல், இட வலமாகத் திரும்பிய எழுத்துகள் ஊறித் தடித்துத் தெரிந்தன. திரும்பியிருந்தால் என்ன, ஆகஸ்ட் முழுக்க ஊர் பார்த்த எழுத்துதானே. படிக்கச் சிரமமே இல்லை.

யாரோ பின்னால் மெதுவாகச் சொன்னார்கள்: "பாருடா, போற வழிக்கும் ஒரு வாய் ஊத்தி அனுப்பறாங்க."

சிரிப்பு வெளியே வரவில்லை. ஆனால் இருமல் வந்தது. ஒருவர் இரும, அடுத்தவர் இரும, வரிசை முழுக்க இருமல். தனாயில் மட்டும் இருமவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜெனோவேவாவையே பார்த்தான்.

கெர்கினா தாளருகே போனாள். நகத்தால் சுரண்டினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, வர்பானின் வேலை என்றைக்குமே உறுதி. முகம் மட்டும் நாராக நாராகக் கிழிந்து வந்தது, குப்பி சுவரிலேயே தங்கிவிட்டது. வர்பான் முன்னால் ஓடி, தன் கோட்டைக் கழற்றி அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர்வலம் அவனைத் தாண்டிப் போனது. அடுத்த கம்பத்திலும் அதே முகம், அதே குப்பி. அவனிடம் கோட்டு ஒன்றுதான் இருந்தது.

அடக்கம் முடிந்து முற்றத்தில் சாப்பாடு. சர்க்கரை தூவிய கோதுமைப் புழுக்கல், பீன்ஸ் சூப், ரொட்டி. மேசையில் சாராயமும் இருந்தது, செத்தவனுக்கென்று ஒரு வாய் தரையில் ஊற்றாமல் முடியாது. அன்று அதை யாரும் தொடவில்லை. எல்லாரும் குப்பியைப் பார்த்தார்கள், பிறகு தட்டைப் பார்த்தார்கள்.

கெர்கினா எழுந்தாள். குரல் உயரவில்லை.

"அக்கா, ஈஸ்டர்ல வாயால சொன்னதை இப்ப அச்சடிச்சே ஒட்டிட்டே."

"சத்தியமா இல்ல கெர்கினா. மழை வரும்னு நான் நினைக்கவே இல்ல."

"மழையை விடு. பின்னாடி என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஜெனோவேவாவின் கையில் கரண்டி நின்றது. பொய் சொல்லியிருக்கலாம். தெரியாமல் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை போதும், பாதி ஊர் நம்பியிருக்கும்.

"தெரியும்" என்றாள்.

"அவ வேணும்னு செய்யல கெர்கினா" என்றான் வர்பான். "ஆபீசுல புதுத் தாள் தரமாட்டாங்க, அதான். நானும் பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

"நீங்களும் பாத்தீங்களா மச்சான்?" கெர்கினா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கூடப் பொறந்தவனுக்கு ஒரு வெள்ளைத் தாள். அது கூட இந்த வீட்டுல இல்ல."

"எனக்கு வேலை போயிடும்டி" என்றாள் ஜெனோவேவா. "இன்னும் ரெண்டு வருஷம்—"

"இருக்கட்டும்க்கா. வேலையைப் பாத்துக்கோ. எனக்குத்தான் பாத்துக்க இனிமே ஒண்ணுமில்ல."

அந்த வருஷம் குடைமிளகாய் நன்றாக விளைந்தது. எப்போதும் இரண்டு பெண்களும் முற்றத்தில் ஒரே அடுப்பு மூட்டி, மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு ஒரே அண்டாவில் கிண்டுவார்கள். ஒருத்தி கிண்டினால் ஒருத்தி பாட்டில் கழுவுவாள். அந்த வருஷம் முற்றத்தில் இரண்டு புகை எழுந்தது. கெர்கினா சின்ன வாணலியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து கிண்டினாள். ஜெனோவேவாவின் அண்டா பெரியது, ஒருத்தி கைக்கு அடங்காது. வர்பான் வந்து துடுப்பைப் பிடித்தான். சூளைக்காரனுக்குத் தீயின் அளவு தெரியும். இருந்தும் அடிபிடித்தது.

"கிண்டாம எங்க பாத்துக்கிட்டிருக்கே?" என்றாள்.

"எங்கயும் இல்ல."

அவன் சின்ன வாணலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் இந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போயான்கூடப் பென்சில் கட்டையை நீட்டும்போது கேலி செய்வதில்லை. மலைப்பக்கம் முதல் பனி தெரிந்த வாரத்தில் மாவட்டத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. காகிதத்தையும் பொருளையும் மிகச் சிறப்பாகச் சிக்கனம் செய்த நகராட்சி. அட்டைபோலத் தடித்த தாள், பொன் நிற ஓரம், ஒரு பக்கம் மட்டும் அச்சு, மேலே கண்ணாடிச் சட்டம். மேயர் அதைப் படிக்கட்டுக்கு நேராக மாட்டச் சொன்னார். ஆணியும் சுத்தியலும் ஸ்டோரிலிருந்து போயின. ஜெனோவேவா கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

அன்று மதியம் இஸ்க்ரா மறுபடி கதவைச் சாத்தினாள்.

"நான் உங்களுக்காகப் பேசினேன். உங்க கணக்கையே எடுத்துக் காட்டித்தான் பேசினேன்."

ஜெனோவேவா உட்காரவில்லை.

"'இவ்வளவு குறைஞ்சிடுச்சே, அப்ப ஸ்டோர்ல என்ன இருக்கு?'ன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? ஒரு அலமாரி அளவுதான் இருக்கு. 'ஒரு அலமாரிக்கு ஒரு ஆளா?'ன்னாங்க."

"அப்ப நான் வீணடிச்சிருந்தா?"

இஸ்க்ரா ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கே அசிங்கமா இருக்கு. நம்புங்க."

"நம்பறேன் மேடம்" என்றாள் ஜெனோவேவா. அது உண்மைதான். ஆனால் நம்பியதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாதக் கடைசியில் பொருள்களை ஒப்படைத்தாள். கத்தரிக்கோல், துளைக்கருவி, கிளிப்பு டப்பா, முத்திரை மை, சாவி. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்து வரிசையில் வைத்தாள்.

"அதையாவது வெச்சுக்கோங்க" என்றாள் இஸ்க்ரா.

"பதிவுல இருக்கு மேடம்."

வாசல்வரை வந்த போயான், "நீ இவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கக் கூடாது ஜெனா" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது.

வானம் கருத்திருந்தது. அன்று ரொட்டிக் கடையில் தனாயில் அவளுக்கு நல்ல ரொட்டியாக எடுத்து வைத்தான். அடி கருகாதது. விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. அந்த ரொட்டியை வாங்கத்தான் அவளுக்குக் கை கூசியது.

தெருமுனை திரும்பும்போதே பார்த்தாள். வர்பான் கேட்டுக்கு வெளியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கேட்டில் புதுத் தாள். சாங்கோவின் நாற்பதாம் நாள் மறுநாள். மாவட்டத்துக் கடையில் அடித்தது, கனமான வெள்ளை, மேலே பிளாஸ்டிக் உறை, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா. அதே டை, அதே மூடிய வாய்.

"படி" என்றான் வர்பான்.

"என்ன?"

"கடைசி வரி. என் கண்ணு சரியில்லையோ என்னமோ. நீ படி."

அவள் படித்தாள். துயரப்படுவோர்: மனைவி கெர்கினா, மகள், மருமகன், பேரன். அத்தோடு முடிந்திருந்தது.

"அண்ணன்னு இல்லையே?"

"இல்ல."

"வேற எங்கயாவது? மேல?"

"இல்ல வர்பான்."

அவன் உறையின் மேல்வாயில் இரண்டு விரலை விட்டுத் தாளை மெதுவாக உருவினான். திருப்பினான். பின்பக்கம் சுத்த வெள்ளை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பிறகு மறுபடி திருப்பி, கேட்டுக் கம்பியில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றினான்.

"இந்த இடத்துல சின்னதா எழுதிடறேன். 'அண்ணன் வர்பான்'னு. உன்கிட்ட பேனா இருக்குமே, கொடு."

அவள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"இல்ல."

"வீட்டுல?"

வீட்டிலும் கிடையாது. எங்கள் ஊரில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் ஒரு நகராட்சிப் பேனா உருளும். அவள் வீட்டில் மட்டும் உருளாது. அத்தனை வருஷமும் அவள் ஒன்றைக்கூடக் கொண்டுவந்ததில்லை.

"கெர்கினாகிட்ட கேக்கட்டுமா?" என்றாள்.

கெர்கினாவின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. நாளைக்கான கோதுமை வேகும் மணம் முற்றம் முழுக்க இருந்தது. திரைச்சீலை கொஞ்சம் விலகி, பழையபடி மூடிக்கொண்டது.

"வேண்டாம்" என்றான் வர்பான். தாளை உறைக்குள் திரும்ப நுழைத்தான். விரல்கள் தடித்தவை, ஒரு மூலை மடங்கிக்கொண்டது, அதை நீவி நீவிச் சரிசெய்தான். "பின்னாடி ஒரு பக்கம் பூராவும் காலியா கிடக்கு ஜெனா. ஒரு பேருக்கு இடமில்லாம போச்சு, பாரு."

முதல் துளி கேட்டின் தகரத்தில் விழுந்தது. ஜெனோவேவா ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உறையின் மேல்வாயைத் தண்ணீர் இறங்காதபடி இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள்.